ட்ரேசி சாப்மனின் முதல் ஆல்பம்: எங்கள் லயத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சனிக்கிழமை பின்னேரம் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சாதாரண தர, உயர்தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் பதினைந்து பேர் வரை வருவார்கள். பாடம் முடிந்ததும் கடைசி முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்போம். ஒரு வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே ஆல்பம்தான். 1988 ஏப்ரலில் வந்தது. பாடியவரின் பெயர்தான் ஆல்பத்துக்கும் பெயர்: ட்ரேசி சாப்மன்.

வகுப்பு நடப்பது பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் அறையில். ஸ்பீக்கர் சத்தம் பக்கத்து லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வரை கேட்கும். முதலில் இரண்டு அம்மாமார் வாசலில் நின்றார்கள், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இப்போது சில கிழமைகளில் பிள்ளைகளைவிட அவர்கள் கூட்டம்தான் அதிகம், கேள்வி கேட்பதிலும் அவர்கள்தான் முன்னுக்கு. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

யார் இந்தப் பொண்ணு?

1964இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் க்ளீவ்லேண்ட் நகரத்தில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். அம்மா தனியாக வளர்த்தார். கையில் காசு இல்லாத அந்த அம்மா, மகளுக்கு மூன்று வயதிலேயே யுகுலேலி என்ற குட்டி நரம்பு வாத்தியம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். எட்டு வயதளவில் கிட்டார் வந்தது, பாட்டெழுதுவதும் அதோடு வந்தது. கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றின் மூலம் கனெக்டிகட்டில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். படிக்கிற காலத்தில் ஹார்வர்ட் சதுக்கத்தில் தெருவில் நின்று பாடினார். கூடப் படித்த பிரையன் கோப்பெல்மன் என்ற மாணவர் தன் அப்பாவிடம் சொன்னார். அந்த அப்பா இசைத் துறையில் பெரிய ஆள். அப்படித்தான் எலெக்ட்ரா நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தது.

ஆல்பத்தில் 11 பாட்டு, மொத்தம் 36 நிமிடம். அத்தனையும் அவரே எழுதி, அவரே மெட்டமைத்தவை.

பாடுறது ஆம்பளையா, பொம்பளையா?

பொம்பளை. இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை, உலகம் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். குரல் கீழ்ஸ்தாயியில் இருக்கிறது, அதோடு அவர் குரலைக் குழைப்பதில்லை. நாம் சின்ன வயதிலிருந்து சினிமாப் பாட்டில் கேட்ட பெண் குரல் மேலே, மேலே போகிற குரல். இது தரையில் நடந்து வருகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பையன் மூன்று கிழமை கேட்ட பிறகும் நம்பவில்லை, ஆல்பத்தின் அட்டைப் படத்தைக் காட்டவேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் இது எப்படி இவ்வளவு பேர் காதுக்குப் போனது?

அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். 1988 ஜூன் 11, லண்டன் வெம்ப்ளி மைதானம். சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக ஒரு பெரிய இசை நிகழ்ச்சி, பல நாடுகளின் தொலைக்காட்சியில் நேரடியாகப் போகிறது. ட்ரேசி சாப்மன் அன்றைக்கு ஏற்கனவே பாடி முடித்து இறங்கிவிட்டார். மாலையில் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரம். அவருடைய மின்னணு இசைக்கருவிக்குரிய டிஸ்க்கைக் காணோம். அவர் பாடமுடியாது என்று போய்விட்டார். மேடை வெறுமையாக நிற்கிறது. யாரையாவது உடனே ஏற்றவேண்டும். வாத்தியக் குழு, வயர், கணினி எதுவும் வேண்டாமல் ஒரு கிட்டாரோடு ஏறக்கூடிய ஆள் யார்? ட்ரேசி சாப்மனையே திரும்பக் கூப்பிட்டார்கள். தனியாகப் போய் நின்று "ஃபாஸ்ட் கார்" பாடினார்.

அதற்குப் பிறகு ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலாம் இடத்துக்கு ஏறியது. "ஃபாஸ்ட் கார்" அமெரிக்கப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. மறு வருஷம் மூன்று கிராமி விருதுகள்.

பொப் பாட்டென்றால் சின்தசைசரும் இயந்திர டிரம்மும் என்றிருந்த காலம் அது. இந்த ஆல்பத்தைத் தயாரித்த டேவிட் கெர்ஷன்போம் குரலையும் கிட்டாரையும் முன்னால் வைத்து, மற்ற வாத்தியங்களைப் பின்னால் நிறுத்திவிட்டார். மேடையில் மின்கருவி கைவிட்ட நேரத்தில் இந்தப் பாட்டு நின்றுபிடித்ததற்கும் அதுதான் காரணம். கரண்ட் போன ராத்திரியிலும் பாடக்கூடிய பாட்டு என்று ஒரு அம்மா சொன்னார். 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட நாட்களைப் பார்த்தவர் சொன்னால் அதில் பொருள் இருக்கிறது.

"ஃபாஸ்ட் கார்" என்ன கதை? ஏன் எல்லாரும் அதையே போடச் சொல்கிறார்கள்?

கதையை மட்டும் சொல்கிறேன். ஒரு பெண் பிள்ளை. அப்பா குடிகாரர், வேலைக்கு ஆகாத உடம்பு. அம்மா இது போதாது என்று விட்டுப் போய்விட்டார். அப்பாவைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொள்கிறாள். ஒரு பையன், அவனிடம் வேகமாக ஓடும் கார். கடையில் வேலை செய்து அவள் சேர்த்த கொஞ்சப் பணத்தோடு, எல்லையைத் தாண்டி நகரத்துக்குப் போய்விடலாம் என்கிறாள். போகிறார்கள். அவளுக்குச் சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிற வேலை. அவனுக்கு வேலை இல்லை. தங்குவது வீடற்றவர்கள் விடுதியில். பிறகு அவளுக்கு நல்ல வேலை கிடைக்கிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள். அவன் ராத்திரி ராத்திரியாகக் குடித்துவிட்டு வருகிறான், சொந்தப் பிள்ளைகளைவிடக் கூட்டாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறான். கடைசியில் அவள், உன் காரை எடுத்துக்கொண்டு நீயே போ என்கிறாள்.

முதல் தடவை இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது யாரும் உச்சுக் கொட்டவில்லை. நான் அதை எதிர்பார்த்திருந்தேன். அவர்கள் கணக்குக் கேட்டார்கள். "அந்தக் கடையில சம்பளம் எவ்வளவு மிஸ்? நாளா, மாசமா?" "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா புள்ளைய யாரு பாக்குறது?" "அவ வேலைக்குப் போன எடத்துல ஓவர்டைம் குடுத்தாங்களா?" கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் தையல் மெஷினில் இருந்துவிட்டு வந்த ஓர் அக்கா, விடுதியில் எத்தனை பேருக்கு ஒரு குளியலறை என்று கேட்டார். பாட்டில் அது இல்லை.

எல்லாரும் ஒருமுகமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, இன்றுவரை விட்டபாடில்லை: "அப்பன் என்ன ஆனான்?" அவரைப் பார்க்கத்தானே பள்ளிக்கூடத்தை விட்டாள். அப்புறம் காரில் ஏறிப் போய்விட்டாள். பிறகு அவருக்குச் சோறு போட்டது யார்? நான் இருபது வருஷமாக இந்தப் பாட்டைக் கேட்கிறவள். ஒருநாளும் எனக்கு அந்த மனுஷனின் நினைப்பு வந்ததில்லை. பாட்டில் பதில் கிடையாது. அவர் முதல் பாதியோடு காணாமல் போகிறார்.

பல்லவி ஒன்றுதானே, ஏன் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிக் கேட்கிறது?

மெட்டு ஒன்றுதான், ஆனால் அதை ஒட்டி வரும் முடிவு சொல்லும் வரி மாறுகிறது. இன்று ராத்திரியே கிளம்புவதா, இப்படியே வாழ்ந்து சாவதா என்று முடிவெடுக்கவேண்டும் என்கிற இடம். முன்னால் வரும்போது முடிவெடுக்கவேண்டியது "நாம". கடைசித் தடவை அது "நீ". கதை முழுக்க அந்த ஒரு சொல்லில் திரும்பிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஆங்கிலத்தில் முப்பது புள்ளி தாண்டாத ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "மிஸ், கடைசியில ஆள மாத்திட்டாங்க" என்றாள்.

பல்லவிக்கு வரும்போதுதான் டிரம் முழுசாக இறங்குகிறது. அதுவரை கிட்டார் ஒரே சுற்றில் போய்க்கொண்டிருக்கும். பல்லவியில் அவள் பழைய ராத்திரி ஒன்றை நினைக்கிறாள்: காரில் வேகம், நகரத்து விளக்குகள், தோளில் கை. நம் பையன்களுக்கு அந்த இடம் மட்டும்தான் பிடிக்கும். டிக்கோயாவிலிருந்து வளைவெல்லாம் திரும்பி இறங்குகிற ஓட்டோவில் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து அந்த இடத்தை மட்டும் போடுகிறார்கள். கதையில் அந்தப் பையன் யார் என்று தெரிந்துதான் போடுகிறீர்களா என்று கேட்டேன், சிரித்தார்கள்.

நாலாவது பாட்டில் வாத்தியமே இல்லையே, ஃபைல் பழுதா?

பழுது இல்லை. "பிஹைண்ட் த வோல்" என்ற அந்தப் பாட்டை அவர் வெறும் குரலில்தான் பாடியிருக்கிறார். சுவருக்குப் பின்னால், பக்கத்து வீட்டில், ஒரு பெண் அடி வாங்குகிற சத்தம். கேட்டுக்கொண்டிருப்பவளுக்குத் தூக்கம் இல்லை. பொலிஸைக் கூப்பிட்டும் பயனில்லை, அவர்கள் வந்தால் பிந்தி வருவார்கள். வந்தாலும் புருஷன் பொண்டாட்டி விஷயத்தில் தலையிடமுடியாது என்பார்கள். கடைசியில் ஒருநாள் சத்தம் நின்றுபோகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்கிறார் பொலிஸ்காரர். இரண்டு நிமிடம்கூட இல்லாத பாட்டு.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரிசைப்படி போட்டுவிட்டேன். பாதியில் ஒரு பிள்ளை எழுந்து வெளியே போய் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்றாள். நான் பாட்டை நிறுத்தவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. ஆசிரியை என்ற நினைப்பில் உச்சரிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பாட்டுக்கு முன்னால் என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறேன். போக விரும்புகிறவர்கள் தேத்தண்ணி ஊற்றப் போகலாம்.

இதைத் தமிழில் சொன்ன அன்று, ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா பேசினார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய தடம் போகாதவர். "எங்க லயத்துல செவரு கூர வரைக்கும் போவாது மிஸ். பாதியிலயே நின்னுரும். ஒரு காம்பராவுல அடுப்பு பத்தவச்சா பத்துக் காம்பராவுக்கும் பொக வரும். சத்தமும் அப்படித்தான். சுவத்துக்குப் பின்னாடின்னு அவ பாடுறா, எங்களுக்குச் செவுரே இல்ல." பழைய லயம் ஒன்றில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு அவர் சொல்வது புரியும். அங்கே கேட்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. கேட்டும் கேட்காத மாதிரி இருப்பதற்குத்தான் எல்லோரும் பழகியிருக்கிறார்கள்.

ஒப்பாரி மாதிரி இருக்கிறதே?

பலரும் சொல்கிறார்கள். வாத்தியம் இல்லாத பெண் குரல் என்பதால் காது அங்கே போகிறது. ஆனால் ஒப்பாரியில் பாடுபவள் அழுவாள், செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், பக்கத்தில் இருக்கிறவர்கள் சேர்ந்துகொள்வார்கள், மார்பில் அடித்துக்கொள்வார்கள். இவர் குரலை ஒரு இடத்திலும் உடைய விடவில்லை. பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு பாட்டி அதைக் கேட்டு, "இவளுக்கு அழத் தெரியல" என்றார். இன்னொருவர், "அழுதா யாரும் கேக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சவ" என்றார். எனக்கு இரண்டாவது சரியாகப் படுகிறது, ஆனால் பாட்டியோடு வாதாட யாரால் முடியும்.

பொலிஸ் தலையிடமுடியாதென்று சொல்வது இங்கும் சட்டமா?

இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. அடிபடுகிறவர் நேரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது 12 மாதம் வரை செல்லுபடியாகும். பெண்களுக்கான அவசரத் தொலைபேசி இலக்கம் 1938. ஆல்பத்தைப் பற்றிய பக்கத்தில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தப் பாட்டு ஓடிய ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஒருவர் இதைக் கேட்டார். அதுவும் எல்லோரும் போன பிறகு, செருப்பைத் தேடுகிற சாக்கில் பின்தங்கி நின்று.

"அக்ரோஸ் த லைன்ஸ்" என்றால் லயத்தைப் பற்றிய பாட்டா?

இந்தக் கேள்வி வந்தபோது வகுப்பே சிரித்தது. கேட்ட பிள்ளை சொன்னதில் பிழையில்லை: லயம் என்ற சொல்லே ஆங்கில "லைன்" என்பதிலிருந்து வந்ததுதான். பாட்டில் வரும் கோடு வேறு. அமெரிக்காவில் பல ஊர்களில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வெள்ளையர், அந்தப் பக்கம் கறுப்பினத்தவர். அந்தக் கோட்டைத் தாண்ட யாருக்குத் துணிவு என்று பாட்டு கேட்கிறது. ஒரு கறுப்பினச் சிறுமி தாக்கப்படுகிறாள், கலவரம் மூள்கிறது, கடைசியில் பழியும் அந்தச் சிறுமி மேலேயே விழுகிறது.

சிரிப்பு அதோடு நின்றது. 1977இலும் 1983இலும் நடந்த இனக்கலவரங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். 77க்குப் பிறகு எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காட்டை வெட்டிக் குடியேறின. ஒரு தாத்தா, தன் அண்ணன் அப்படிப் போனவர் என்று மட்டும் சொன்னார். அடுத்த பாட்டைப் போடச் சொன்னார். போட்டேன்.

முதல் பாட்டு புரட்சியைப் பற்றியதாமே?

"டாக்கின் பௌட் எ ரெவலூஷன்". பதினாறு வயதளவில் எழுதியது. நிவாரண வரிசையிலும் வேலை தேடும் அலுவலக வரிசையிலும் நிற்கிற ஏழைகள் ஒருநாள் எழுந்து தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள் என்கிறது. புரட்சி என்று கத்தாமல், அது முணுமுணுப்பாக வருகிறது என்று சொல்வதுதான் இதில் அழகு. தொழிற்சங்கத்தில் இருக்கிற ஒரு அண்ணன் இதைத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்தார். அவருடைய அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை: "வரிசையில நிக்கிறத ஏன் பாட்டாப் போடணும், நாளைக்கும் நிக்கத்தானே போறோம்."

இதைக் கேட்டதும் எனக்கு வேறொருவர் ஞாபகம் வரும். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கிய காலத்தில், அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தானே பாட்டெழுதிப் பாடினார். அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாகவும் அச்சாகின. ஒலிப்பதிவு என்று ஒன்று என் கைக்குக் கிடைத்ததில்லை. இந்த மலையில் பாட்டெழுதிப் பாடிய பெண்ணைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

எந்தப் பாட்டை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்?

ஒன்பதும் பத்தும். "ஃபோர் மை லவர்" காதலுக்காகச் சிறைக்குப் போனவரின் பாட்டு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் தேத்தண்ணி வந்துவிடுகிறது, அதுதான் காரணம்.

எனக்கே பிடிக்காதது எட்டாவது பாட்டு, "வை?". உலகத்தில் சாப்பாடு இருக்கும்போது பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்கின்றன என்பது போலக் கேள்வியாக அடுக்கிக்கொண்டு போகிறது. "ஃபாஸ்ட் கார்" எழுதிய கைக்கு இது குறைச்சல் என்பது என் எண்ணம். வகுப்பில் இதை ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை. ஆங்கிலம் மட்டுமட்டாகத் தெரிந்த பிள்ளைகளுக்கு முழுசாகப் புரிகிற ஒரே பாட்டு அதுதான், அதனாலேயே அதன்மேல் உரிமை கொண்டாடுகிறார்கள்.

"பேபி கேன் ஐ ஹோல்ட் யூ" பாய்ஸோன் பாட்டுத்தானே?

இல்லை, 1997இல் பாய்ஸோன் குழு பாடியது இவருடைய பாட்டைத்தான். ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நாற்பது வயதுக்காரர்கள் இதை நம்ப மறுப்பார்கள், விடுங்கள். மன்னிப்புக் கேட்கச் சொல் வராத, அன்பைச் சொல்ல நேரம் பார்த்தே நேரத்தை விட்ட மனுஷனைப் பற்றிய பாட்டு. அதைக் கேட்டுவிட்டு எந்தப் பெண்ணும் தன் புருஷனைப் பார்க்காமல் இருந்ததில்லை. புருஷன்மாரில் வகுப்புக்கு வருகிறவர் ஒரே ஒருவர், பாவம்.

"மவுண்டன்ஸ் ஓ திங்ஸ்" மலையைப் பற்றியா?

மலை மலையாகப் பொருள் குவிக்க ஆசைப்படுவதைப் பற்றி. தேயிலை மலை இல்லை.

ஒரு வெள்ளைக்காரர் பாடிய வீடியோ ஒன்று வந்ததே?

லூக் கோம்ப்ஸ். கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறச் சாயலுள்ள இசையில் பாடுபவர். 2023இல் "ஃபாஸ்ட் கார்" பாட்டைப் பெரும்பாலும் சொல் மாற்றாமல் பாடி வெளியிட்டார், அது அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. மூலப் பாட்டு போனதைவிட மேலே. அந்த வருஷம் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடலுக்கான விருது எழுதியவருக்குக் கிடைத்தது, அதாவது ட்ரேசி சாப்மனுக்கு. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பாட்டு வெளிவந்து 35 வருஷம் கழித்து. 2024 பெப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். வருஷக்கணக்கில் மேடைப் பக்கமே வராதிருந்தவர் நரைத்த முடியோடு, கிட்டாரோடு சிரித்துக்கொண்டே நின்றார். அந்த வீடியோவை வகுப்பில் நான்கு தடவை பார்த்தோம். அவர் பாடுவதைப் பார்த்து லூக் கோம்ப்ஸ் சொல்லைச் சத்தமில்லாமல் கூடவே உச்சரிப்பார், கவனியுங்கள். ரசிகன் முகம் அது.

எங்கள் பெண்களுக்கு ஒரு சந்தேகம்: ஆம்பளை அதே சொல்லைப் பாடும்போது சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிற பெண் யார்? அவர் அந்தச் சொல்லையும் மாற்றாமல் அப்படியே பாடுகிறார். அதற்காகவே அவரை மன்னித்துவிட்டார்கள்.

கிட்டார் பழகினால் "ஃபாஸ்ட் கார்" பாட்டை வாசிக்கலாமா?

கோர்ட், அதாவது சுரக்கூட்டு, நான்குதான். இரண்டாவது கட்டையில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, சி மேஜர் செவன், ஜி, ஈ மைனர், டி. கைவிரல் சரியாக விழுவதுதான் கஷ்டம். பிக் இல்லாமல் விரலால் மீட்டவேண்டும், பெருவிரல் கீழ்ச்சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும், நேரம் பிசகினால் கார் நின்றுவிடும். நம்ம ஊர்ப் பனிக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாக உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

ஆங்கிலம் தெரியாமல் எப்படிக் கேட்பது?

முதலில் மொழிபெயர்ப்பை அச்சடித்துக் கொடுத்தேன். எல்லோரும் தலை குனிந்து தாளைப் படித்தார்கள், பாட்டு எங்கேயோ ஓடியது. தாளை நிறுத்தினேன். இப்போது ஒரு தடவை எதுவும் சொல்லாமல் கேட்கிறோம். பிறகு கதையை மட்டும், பக்கத்து வீட்டுக் கதை மாதிரி, தமிழில் சொல்கிறேன். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது கிழமை பார்த்தால் அவர்களே எனக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலத்தில் அவர் சொல்லை விழுங்காமல், பேசுவது போலத் தெளிவாகப் பாடுவதால் பிள்ளைகளுக்கு உச்சரிப்புப் பழகவும் தோதானது.

எங்கே கேட்கலாம்?

யூடியூபில் முழு ஆல்பமும் இருக்கிறது. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்ததிலிருந்து அதிலும் கேட்கலாம். டேட்டா போதாதவர்கள் டவுனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் சிக்னல் போய்விடும். எனக்கு இரண்டு தடவை சரியாகப் பல்லவி தொடங்குகிற நேரத்தில் போயிருக்கிறது.

கடைசிப் பாட்டு முடிந்ததும் என்ன செய்வீர்கள்?

"ஃபோர் யூ" கிட்டாரும் குரலும் மட்டும். அது முடியும்போது பெரும்பாலும் இருட்டியிருக்கும், மழை தகரத்தில் விழுந்தால் கடைசி வரி கேட்காது. பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அம்மாமார் எழும்ப மாட்டார்கள். போன சனிக்கிழமையும் அந்தக் கொழுந்துக்காரம்மா ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ரெண்டாவது பாட்ட இன்னொருக்காப் போடுங்க மிஸ்" என்றார். "அப்பன் என்ன ஆனான்னு இந்தத் தடவையாவது சொல்றாளா பாப்போம்."